அமெரிக்காவில் குடியேறிய ஓர் ஐரிஷ் உழவர் குடும்பத்தின் வம்சாவளியைத் தேடும் முறை

அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த ஐரிஷ் முன்னோரைத் தேடத் தொடங்குபவர்களில் பலர் முதல் வாரத்திலேயே கடலைத் தாண்டிவிடுகிறார்கள். ‘பேட்ரிக் மர்ஃபி, பிறந்தது அயர்லாந்து, ஏறத்தாழ 1825’ என்ற ஒற்றை வரியைக் கையில் வைத்துக்கொண்டு அயர்லாந்தின் திருமுழுக்கு (ஞானஸ்நானப்) பதிவேடுகளில் தேடுகிறார்கள். ஏராளமான பேட்ரிக் மர்ஃபிகள் வந்து நிற்கிறார்கள். அவர்களில் வயது ஒத்துவரும் ஒருவரை எடுத்துத் தங்கள் கொடிவழியில் சேர்த்துவிடுகிறார்கள். அதன்பின் அவர்கள் செய்யும் உழைப்பு முழுவதும் முன்பின் தெரியாத யாரோ ஒருவருடைய குடும்பத்துக்குப் போய்ச் சேர்கிறது.

அயர்லாந்தில் ஒரு குடும்பத்தை அடையாளம் காண நாட்டின் பெயரோ கவுண்டி எனப்படும் மாவட்டத்தின் பெயரோ போதாது. டவுன்லேண்டு எனப்படும் மிகச் சிறிய நிலப்பிரிவின் பெயர் வேண்டும். பெரும்பாலும் சில நூறு ஏக்கர் பரப்பே கொண்ட இப்பிரிவுகள் அந்தத் தீவில் 60,000-க்கும் மேல் உள்ளன. அந்தப் பெயர் எழுதப்பட்ட காகிதம் பெரும்பாலும் அமெரிக்காவில்தான் இருக்கிறது என்பதே இந்தத் தேடலின் அடிப்படை. அதிலும் உழவர் குடும்பத்தைத் தேடுபவருக்கு ஒரு பெரிய அனுகூலம் உண்டு. நகரத்தில் கூலிவேலை செய்த குடும்பம் வாடகை அறை மாறி அறை மாறித் தடம் அழிந்துபோகும். நிலம் வாங்கிய குடும்பமோ ஒரே இடத்தில் முப்பது நாற்பது ஆண்டுகள் வேரூன்றி, வாங்கியபோது ஒரு பத்திரம், அடமானம் வைத்தபோது ஒரு பத்திரம், பிள்ளைகளுக்குப் பாகம் பிரித்தபோது ஒரு பத்திரம் என்று எழுத்தை விட்டுச்செல்லும். ஆகவே நிலத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். நிலத்தைச் சுற்றி இருந்த அண்டை வீட்டாரையும் பிடித்துக்கொள்ளுங்கள்.

கணக்கெடுப்புத் தாள்களை வாசிப்பது

அமெரிக்கக் கூட்டரசு 1790 முதல் பத்தாண்டுகளுக்கு ஒருமுறை மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்திவருகிறது. 1840 வரையிலான தாள்களில் குடும்பத் தலைவரின் பெயர் மட்டுமே இருக்கும். அடிமைப்படுத்தப்படாத ஒவ்வொருவரின் பெயரும் வயதும் பிறந்த இடமும் 1850-இல்தான் முதன்முதலாக எழுதப்பட்டன. குடும்பத் தலைவருக்கு ஒவ்வொருவரும் என்ன உறவு என்பது 1880-இல் சேர்ந்தது. 1890-ஆம் ஆண்டுத் தாள்கள் 1921-இல் வாஷிங்டனில் நேர்ந்த தீவிபத்தால் ஏறக்குறைய முழுவதும் அழிந்தன. நமக்கு மிகவும் பயன்படுவது 1900: பிறந்த மாதமும் ஆண்டும், அமெரிக்காவுக்கு வந்த ஆண்டு, குடியுரிமை நிலை, மணமாகி எத்தனை ஆண்டுகள், தாய்க்குப் பிறந்த பிள்ளைகள் எத்தனை, அவர்களுள் உயிரோடிருப்பவர் எத்தனை என்பனவெல்லாம் அதில் கேட்கப்பட்டன. மிக அண்மைய தாளிலிருந்து தொடங்கிப் பின்னோக்கி நடக்க வேண்டும். இடையில் ஒரு பத்தாண்டைக்கூடத் தாண்டிக் குதிக்கக் கூடாது.

பிள்ளைகள் பிறந்த இடங்களை மேலிருந்து கீழாக வாசிக்கப் பழகுங்கள். எடுத்துக்காட்டாக, அயோவாவில் 1860-இல் எழுதப்பட்ட ஒரு தாளில் தாய் தந்தை இருவரும் அயர்லாந்து, பன்னிரண்டு வயது மகள் அயர்லாந்து, பத்து வயது மகன் நியூயார்க், ஏழு வயது மகன் ஒஹையோ, மூன்று வயது மகள் அயோவா என்று இருப்பதாகக் கொள்வோம். அந்தக் குடும்பம் 1848-க்கும் 1850-க்கும் இடையில் கடல் கடந்தது என்பதும், 1853-ஐ ஒட்டி ஒஹையோவில் இருந்தது என்பதும், 1857-க்குள் அயோவாவை அடைந்தது என்பதும் அந்த ஆறு வரிகளிலேயே தெரிந்துவிடுகின்றன. தாமாகச் சொல்லும் வயதுகள் ஒன்றிரண்டு ஆண்டு முன்பின்னாக இருக்கும் என்பதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும். இத்தகைய நிறுத்தங்கள் தற்செயலானவை அல்ல. அயர்லாந்தில் 1845 முதல் 1852 வரை நீடித்த பெரும்பஞ்சத்தில் ஏறத்தாழ பத்து லட்சம் பேர் இறந்தனர். அதைவிட அதிகமானோர் நாட்டைவிட்டு வெளியேறினர். அமெரிக்காவுக்கு வந்தவர்களில் பெரும்பான்மையோர் நகரங்களிலேயே தங்கினர். உழவுக்குத் திரும்பியவர்களில் பலர் முதலில் கால்வாயிலோ இரயில் பாதையிலோ சுரங்கத்திலோ கூலி சேர்த்த பிறகுதான் நிலம் வாங்க முடிந்தது. 1836-க்கும் 1848-க்கும் இடையில் வெட்டப்பட்ட இல்லினாய்–மிச்சிகன் கால்வாயில் பணம் வறண்டபோது கூலிக்குப் பதிலாகக் கடன்சீட்டுகள் வழங்கப்பட்டன. அவற்றைக் கொடுத்துக் கால்வாய் நிலம் வாங்கி ஐரிஷ் தொழிலாளர் சிலர் அங்கேயே உழவரானார்கள். எனவே இடையில் நின்ற ஊரின் தேவாலயப் பதிவேட்டையும் தவறாமல் பார்க்க வேண்டும். மேலே சொன்ன ஒஹையோ மகனின் திருமுழுக்கில் ஞானத்தாயாக (பிள்ளையின் சமய வளர்ப்புக்குப் பொறுப்பேற்பவராக) நின்றவர் தாயின் உடன்பிறந்தவராக இருக்கலாம்.

உங்கள் குடும்பம் இருக்கும் தாளை எடுக்கும்போது முன்னும் பின்னும் இரண்டிரண்டு பக்கங்களையும் சேர்த்துப் படியெடுத்துக்கொள்ளுங்கள். கணக்கெடுப்பாளர் வீடு வீடாக நடந்து எழுதியதால், அந்தப் பக்கங்களில் இருப்பவர்கள் அண்டை நிலத்தார்; பிற்பாடு சாட்சிக் கையெழுத்திலும் கல்லறை வரிசையிலும் அதே பெயர்கள் திரும்ப வரும். மாநிலங்கள் தனியாக எடுத்த கணக்குகளும் உண்டு. அயோவா மாநிலத்தின் 1925-ஆம் ஆண்டுக் கணக்கில் ஒவ்வொருவரின் பெற்றோர் பெயரும் தாயின் பிறந்த வீட்டுக் குடும்பப்பெயரும் கேட்கப்பட்டன; அந்த ஆண்டு வரை அங்கே வாழ்ந்த ஒரு மகனோ மகளோ இருந்தால் அது பெரும் வரவு.

நிலமும் அதன் காகிதங்களும்

1850, 1860, 1870, 1880 ஆகிய நான்கு கணக்கெடுப்புகளிலும் வேளாண்மைக்கென்று தனித்தாள் ஒன்று உண்டு. பெயர்ப் பட்டியலோடு நிறுத்திக்கொள்பவர்கள் இதைப் பார்க்காமலே போய்விடுகிறார்கள் என்பது எனக்கு வருத்தம் தரும் செய்தி. ஏனெனில் ஒரு குடும்பத்தின் வாழ்வை இத்தனை நெருக்கமாகக் காட்டும் தாள் வேறில்லை. திருத்திய நிலம் எத்தனை ஏக்கர், திருத்தாதது எத்தனை, குதிரைகள், கறவை மாடுகள், உழவு எருதுகள், பன்றிகள், அறுத்த கோதுமையும் சோளமும் உருளைக்கிழங்கும் எத்தனை புஷல் (தானிய அளவை), கடைந்த வெண்ணெய் எத்தனை பவுண்டு என்று எல்லாமே அதில் எண்ணிக்கையாக இருக்கும். 1880-ஆம் ஆண்டுத் தாள் அந்த உழவர் சொந்தக்காரரா, ரொக்கக் குத்தகைதாரரா, விளைச்சலில் பங்கு கொடுத்து வாரத்துக்கு உழுபவரா என்பதையும் சொல்லும். ஒரே கவுண்டியில் ஒரே பெயரில் இருவர் இருந்தால், பத்தாண்டு இடைவெளியில் இரண்டு தாள்களையும் ஒப்பிட்டு, யாருடைய நிலம் எது என்று பிரித்துவிடலாம்.

அடுத்தது பட்டா. கூட்டரசு தன் நிலத்தைத் தனியாருக்கு வழங்கிய முப்பது மாநிலங்களில் முதல் உடைமையாளருக்குக் கொடுத்த பட்டாக்களின் படங்கள் நில நிர்வாகத் துறையின் இணையதளத்தில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. பட்டாவில் டவுன்ஷிப், ரேஞ்ச், செக்‌ஷன் என்று நில எண் வரும். டவுன்ஷிப் என்பது ஆறு மைல் நீளமும் ஆறு மைல் அகலமும் கொண்ட சதுரம். ரேஞ்ச் என்பது அந்தச் சதுரங்கள் வடக்குத் தெற்காக அடுக்கப்பட்ட பத்தி. அதனுள் 36 செக்‌ஷன்கள். ஒரு செக்‌ஷன் 640 ஏக்கர். அதில் கால் பங்கு 160 ஏக்கர். இந்த எண்ணை அக்காலக் கவுண்டி வரைபடத்தில் பொருத்தினால் உங்கள் குடும்பத்தின் வயலும், சுற்றியிருந்தவர்களின் பெயரெழுதிய வயல்களும், அருகிலிருந்த தேவாலயமும் பள்ளியும் ஒரே பார்வையில் தெரியும்.

பட்டாவோடு நின்றுவிடாதீர்கள். 1862-ஆம் ஆண்டின் குடியேற்ற நிலச் சட்டப்படி, குடிமகனாகவோ குடிமகனாகப் போவதாக உறுதியளித்தவராகவோ இருந்த ஒருவர் 160 ஏக்கர் நிலத்தில் ஐந்தாண்டுகள் குடியிருந்து பயிர்செய்து காட்டினால் அது அவருக்குச் சொந்தமாகும். அதற்காக அவர் சமர்ப்பித்த காகிதக் கட்டு வாஷிங்டனிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. நில எண், நில அலுவலகத்தின் பெயர், சான்றிதழ் எண் ஆகிய மூன்றையும் பட்டாவிலிருந்து எடுத்தெழுதிக் கேட்டால் நகல் பெறலாம். அந்தக் கட்டில் அவர் எழுப்பிய வீட்டின் நீள அகலம், உழுத ஏக்கர், தோண்டிய கிணறு, உடன் வாழ்ந்த மனைவி மக்கள் ஆகிய விவரங்களோடு அண்டை வீட்டார் இருவரின் சாட்சி வாக்குமூலமும் இருக்கும். வெளிநாட்டில் பிறந்தவராதலால் குடியுரிமைச் சான்றின் நகலையும் அவர் இணைத்திருக்க வேண்டும். எந்த நீதிமன்றத்தில், எந்த ஆண்டில் குடியுரிமை பெற்றார் என்பது அதிலிருந்து தெரியும். 1906-க்கு முன் எந்த ஊர் நீதிமன்றத்திலும் குடியுரிமை பெறலாம் என்று இருந்ததால், இந்த நகல் இல்லாமல் அந்த நீதிமன்றத்தைக் கண்டுபிடிப்பது கடினம். அக்காலக் குடியுரிமைக் காகிதத்தில் பிறந்த ஊர் இருக்குமென்று பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். விக்டோரியா அரசிக்குச் செலுத்திவந்த விசுவாசத்தைத் துறப்பதாக ஒரு வரியும், சாட்சியின் பெயரும்தான் பெரும்பாலும் இருக்கும். மனைவிக்குத் தனிக் காகிதம் தேடவும் வேண்டாம். 1855 முதல் 1922 வரை கணவர் குடியுரிமை பெற்றாலே மனைவிக்கும் அது சேர்ந்துவிட்டது.

1862-க்கு முன் ஏக்கருக்கு 1.25 டாலர் ரொக்கம் கட்டி வாங்கியவர்களின் கட்டில் ஒரு ரசீதைத் தவிர அதிகம் இருக்காது. நியூயார்க், பென்சில்வேனியா போன்ற கிழக்கு மாநிலங்களில் கூட்டரசுப் பட்டாவே இல்லை. அங்கெல்லாம் கவுண்டி நீதிமன்றத்தின் கிரயப் பத்திரங்களே துணை. வாங்கிய பத்திரத்தைவிட விற்ற பத்திரம் மேலானது. அதில் மனைவி தன் உரிமையை விட்டுக்கொடுப்பதாகக் கையெழுத்திடுவார் என்பதால் அவர் பெயர் கிடைக்கும். உயில் எழுதாமல் ஒருவர் இறந்து, வாரிசுகள் சேர்ந்து நிலத்தை விற்ற பத்திரம் கிடைத்தால் அதுவே ஒரு கொடிவழிப் படம்: மகன்கள், மணமான மகள்கள், மருமகன்கள், அவர்கள் ஒவ்வொருவரும் அப்போது வாழ்ந்த ஊர் என அனைத்தும் வரிசையாக இருக்கும்.

தேவாலயமும் கல்லறையும் அண்டை வீட்டாரும்

ஐரிஷ் உழவர்கள் தனியாக வந்து தனியாக வாழ்ந்தவர்கள் அல்லர். அண்ணன் வந்து தம்பியை அழைப்பார். தம்பி மைத்துனரை அழைப்பார். ஓர் ஊரே கொஞ்சம் கொஞ்சமாக இன்னோர் ஊராக மாறும். மிச்சிகன் ஏரியிலுள்ள பீவர் தீவில் குடியேறிய ஐரிஷ் குடும்பங்களில் பல, அயர்லாந்தின் டோனகல் கவுண்டிக் கரையோரத்து ஆரன்மோர் தீவிலிருந்து வந்தவை. மினசோட்டாவின் கிரேஸ்வில்லுக்கு 1880-இல் அயர்லாந்தின் மேற்கிலுள்ள கொனமாராவிலிருந்து குடும்பங்கள் அழைத்துவரப்பட்டன. ஆகவே உங்கள் முன்னோரின் பிறந்த ஊர் எங்கும் எழுதப்படவில்லை என்றால், அவருடைய திருமணத்துக்குச் சாட்சியாக நின்றவர், பிள்ளைகளின் ஞானப்பெற்றோர், நிலக் கட்டில் வாக்குமூலம் கொடுத்தவர், பக்கத்துக் கல்லறையில் உறங்குபவர் ஆகியோரின் பிறந்த ஊரைத் தேடுங்கள். இருவர் மூவருக்கு ஒரே பங்கின் (ஒரு தேவாலயத்துக்கு உட்பட்ட வட்டாரத்தின்) பெயர் வந்தால் உங்கள் குடும்பமும் அங்கிருந்து வந்ததென்று கருதித் தேடலைத் தொடங்கலாம். நேரடித் தேடலில் பலமுறை தோற்றவர்களுக்கு நான் முதலில் சொல்லும் வழி இதுதான்.

அமெரிக்கப் பங்குகளின் திருமணப் பதிவேடுகளில் மணமக்களின் பெற்றோர் பெயரும், சில பங்குத்தந்தையர் எழுதிவைத்த அயர்லாந்துப் பங்கின் பெயரும் கிடைக்கும். மணமக்கள் இரத்த உறவினராக இருந்து திருச்சபையின் விலக்கு பெற்றிருந்தால், எத்தனையாவது தலைமுறை உறவு என்பதும் குறிக்கப்பட்டிருக்கும். குடும்பத்தில் ஒருவர் குருவாகவோ கன்னியராகவோ ஆகியிருந்தால் மறைமாவட்டத்திலோ துறவற சபையிலோ அவருடைய பிறப்பு விவரம் பதிவாகியிருக்க வாய்ப்பு அதிகம். அமெரிக்க உள்நாட்டுப் போரில் பணியாற்றியவரின் ஓய்வூதியக் கோப்பும், அவர் மனைவி கேட்ட விதவை ஓய்வூதியக் கோப்பும் திருமணச் சான்றுகளைக் கொண்டிருக்கும். பாஸ்டனில் வெளிவந்த ‘பைலட்’ என்ற கத்தோலிக்க இதழ், காணாமற்போன உறவினரைத் தேடும் விளம்பரங்களை 1831 முதல் 1921 வரை வெளியிட்டது; ‘இன்ன கவுண்டி, இன்ன பங்கைச் சேர்ந்த என் தம்பி, கடைசியாக இன்ன இடத்தில் இருந்தார்’ என்று சொந்த ஊரைச் சொல்லித் தேடிய விளம்பரங்கள் அவற்றில் ஏராளம்.

கல்லறைக்கு நேரில் செல்ல முடிந்தால் செல்லுங்கள். பிறந்த கவுண்டியையும் பங்கையும் கல்லில் பொறித்துவைக்கும் வழக்கம் அந்தத் தலைமுறையில் பரவலாக இருந்தது. எழுத்து மங்கியிருந்தால் கம்பித் தூரிகையால் தேய்க்கவோ சுண்ணம் பூசவோ கூடாது. காலையிலோ மாலையிலோ வெயில் சாய்வாக விழும் நேரத்தில் பக்கவாட்டிலிருந்து படமெடுத்தால் தேய்ந்த எழுத்தும் நிழலோடு எழுந்துவரும். இறப்புச் சான்றிதழை மட்டும் சற்று எச்சரிக்கையோடு வாசியுங்கள். இறந்தவரின் பெற்றோர் பெயரைச் சொன்னவர், அவர்களைப் பார்த்தே இராத மருமகனாக இருக்கலாம். ‘கார்க்கிலிருந்து வந்தோம்’ என்ற குடும்பப் பேச்சையும் அப்படியே ஏற்காதீர்கள். குவீன்ஸ்டவுன் துறைமுகம் கார்க் கவுண்டியில் இருந்ததால், வேறெங்கோ பிறந்து அங்கே கப்பலேறியவர்களின் பிள்ளைகளும் அவ்வாறு சொல்லிக்கொண்டார்கள்.

கப்பல் பட்டியல்களில் காலத்தைக் கரைக்க வேண்டாம் என்பது என் கருத்து. 1820 முதல் பட்டியல்கள் உண்டு என்றாலும், பஞ்ச காலத்துப் பட்டியல்களில் பெரும்பாலும் பெயர், வயது, தொழில், ‘அயர்லாந்து’ ஆகியவையே இருக்கும். குறைந்த கட்டணத்துக்காகக் கனடாவின் கியூபெக் வழியே வந்து எல்லையைக் கடந்தவர்களும் பலர். 1895-க்கு முன் அந்த எல்லையில் பதிவே கிடையாது.

ஒரே பெயரில் பலர்

நியூயார்க் துறைமுகத்திலுள்ள எல்லிஸ் தீவின் குடியேற்ற நிலையம் 1892 ஜனவரி 1 அன்று திறக்கப்பட்டபோது முதலில் பதிவானவர் கார்க் கவுண்டியைச் சேர்ந்த ஆனி மூர் என்ற இளம்பெண். அவர் மேற்கே சென்று டெக்சாஸில் வாழ்ந்து இறந்தார் என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. டெக்சாஸில் இறந்தவர் அதே பெயருடைய, இல்லினாயில் பிறந்த வேறொரு பெண் என்பதும், உண்மையான ஆனி மூர் நியூயார்க் நகரத்தை விட்டு நீங்கவே இல்லை என்பதும் 2006-இல்தான் வெளிப்பட்டன. இத்தனை புகழ்பெற்ற ஒருவருக்கே இப்படி நேர்ந்தது என்றால், பெயரும் வயதும் பொருந்துவதை மட்டும் நம்பி ஓர் உழவரை அடையாளம் காணக் கூடாது. மனைவியின் பிறந்த வீட்டுப் பெயர், பிள்ளைகளின் வரிசை, ஞானப்பெற்றோர், அண்டை வீட்டார் இவற்றுள் இரண்டேனும் தனித்தனி ஆவணங்களில் பொருந்தி வர வேண்டும்.

பெயர் எழுத்துக்கூட்டலில் பிடிவாதம் உதவாது. ‘ஓ’, ‘மக்’ என்ற முன்னொட்டுகள் ஒரு தலைமுறையில் விழும், அடுத்ததில் திரும்பும். ஒரே குடும்பம் மெக்கவன் என்றும் ஸ்மித் என்றும் எழுதப்படும். பிரிஜெட் என்பவர் டீலியா ஆவார். ஹொனோரா என்பவர் நோரா ஆவார். டார்பியும் ஜெரமையாவும் ஒருவராகவே இருக்கலாம். இலத்தீனில் எழுதப்பட்ட பதிவேட்டில் ஜேம்ஸ் என்பவர் யாக்கோபுஸ் என்றும், வில்லியம் என்பவர் குலியெல்முஸ் என்றும் இருப்பார். மூத்த மகனுக்குத் தந்தைவழித் தாத்தா பெயரும், இரண்டாம் மகனுக்குத் தாய்வழித் தாத்தா பெயரும், மூத்த மகளுக்குத் தாய்வழிப் பாட்டி பெயரும், இரண்டாம் மகளுக்குத் தந்தைவழிப் பாட்டி பெயரும் வைக்கும் வழக்கம் பலரிடம் இருந்தது. இது தடயம் மட்டுமே, சான்று ஆகாது.

கடலைத் தாண்டிய பிறகு

டவுன்லேண்டின் பெயரோ, குறைந்தபட்சம் பங்கின் பெயரோ கிடைத்த பிறகு அயர்லாந்துக்குள் நுழையலாம். 1922-இல் அயர்லாந்து உள்நாட்டுப் போரின் தொடக்கத்தில் டப்ளினின் ஃபோர் கோர்ட்ஸ் கட்டடத்திலிருந்த பொது ஆவணக் காப்பகம் எரிந்ததில் 1821 முதல் 1851 வரையிலான கணக்கெடுப்புகளில் பெரும்பகுதி அழிந்தது. 1861 முதல் 1891 வரையிலானவை அதற்கு முன்பே அரசாங்கத்தால் அழிக்கப்பட்டிருந்தன. 1922-க்கு முந்தியவற்றில் முழுமையாக எஞ்சியவை 1901, 1911 ஆகிய இரண்டே. ஆயினும் கத்தோலிக்கப் பதிவேடுகள் அந்தந்தப் பங்குகளிலேயே இருந்ததால் தப்பின. அவற்றின் படங்களை அயர்லாந்து தேசிய நூலகம் 2015 முதல் கட்டணமின்றி இணையத்தில் வைத்திருக்கிறது. மேற்குக் கவுண்டிகளின் பல பங்குகளில் பதிவேடு மிகத் தாமதமாகத் தொடங்குகிறது என்பதால், உங்கள் பங்கின் முதல் ஆண்டு எது என்று பார்த்துவிட்டுத் தேடுங்கள். வடக்கு மாகாணமான அல்ஸ்டரிலிருந்து வந்த பிரெஸ்பிட்டீரியன் (ஒரு புராட்டஸ்டன்ட் பிரிவு) குடும்பமானால் பெல்ஃபாஸ்ட் ஆவணக் காப்பகத்தை நாட வேண்டும்.

கணக்கெடுப்பின் இடத்தை ஓரளவு நிரப்புவது 1847-க்கும் 1864-க்கும் இடையில் வெளியான கிரிஃபித் மதிப்பீடு என்ற வரிமதிப்புப் பட்டியல். நிலமோ வீடோ வைத்திருந்தவர், அவருக்குக் குத்தகைக்கு விட்டவர், பரப்பு ஏக்கர்–ரூட்–பெர்ச் கணக்கில் (பின்னிரண்டும் ஏக்கரின் சிறு கூறுகள்), வரிமதிப்பு பவுண்டு–ஷில்லிங்–பென்ஸ் கணக்கில் என்று டவுன்லேண்டு வாரியாக இருக்கும். அதில் ‘வீடு, ஆபீஸ்கள், நிலம்’ என்று வரும்போது ஆபீஸ் என்பது மாட்டுத் தொழுவம், களஞ்சியம் போன்ற புறக்கட்டடங்களைக் குறிக்கும். ஒரே டவுன்லேண்டில் ஒரே பெயரில் இருவர் இருந்தால், தந்தையின் பெயரையோ ‘சிவப்பு’, ‘பெரிய’ போன்ற பட்டப்பெயரையோ அடைப்புக்குறிக்குள் சேர்த்துப் பிரித்திருப்பார்கள். அந்தச் சிறு சொல் ஒரு தலைமுறையையே மேலே ஏற்றிவிடும். உங்கள் முன்னோர் 1848-லேயே கிளம்பியிருந்தால் அவர் பெயர் இதில் இராது; அவர் தந்தையும் அண்ணன் தம்பியும் இருப்பார்கள், அவர்களைத்தான் தேட வேண்டும். பஞ்சத்துக்கு முந்திய நிலைக்கு 1823 முதல் 1837 வரை எழுதப்பட்ட, தேவாலயத்துக்கான தசமபாக வரிப் புத்தகங்களைப் பாருங்கள்.

ஊரிலேயே தங்கிவிட்ட உடன்பிறப்பு உங்களுக்கு இன்னொரு வகையிலும் உதவுவார். 1909-இல் முதியோர் ஓய்வூதியம் தொடங்கியபோது, தங்கள் வயதை மெய்ப்பிக்க 1841, 1851 கணக்கெடுப்புகளில் தேடித் தரும்படி முதியவர்கள் விண்ணப்பித்தார்கள். கணக்கெடுப்பு எரிந்துபோனாலும் அந்த விண்ணப்பங்கள் எஞ்சியுள்ளன. அவற்றில் பெற்றோர் பெயரும் டவுன்லேண்டின் பெயரும் இருக்கும். சிலவற்றில் அதிகாரி பார்த்து எழுதிய குடும்ப உறுப்பினர் பட்டியலும் உண்டு.

கிரிஃபித் மதிப்பீட்டில் உங்கள் குடும்பத்துக்கு இட்ட எண், கூடவே வரும் வரைபடத்தில் அதே நிலத்தின் மேல் எழுதப்பட்டிருக்கும். அந்த எண்ணை வைத்துக்கொண்டு, பிந்திய ஆண்டுகளின் மதிப்பீட்டுத் திருத்தப் புத்தகங்களைத் திறந்தால், பழைய பெயரை அடித்துப் புதுப் பெயரை வேறு நிற மையில் எழுதிய ஆண்டு தெரியும். தந்தைக்குப் பின் மகன், மகனுக்குப் பின் பேரன் என்று நிலம் கைமாறியதை இருபதாம் நூற்றாண்டு வரை பின்தொடரலாம். வட அயர்லாந்துக்குரிய புத்தகங்கள் பெல்ஃபாஸ்ட் காப்பகத்தின் இணையதளத்தில் உள்ளன. மற்றவற்றுக்கு டப்ளினை அணுக வேண்டும். திருத்தப் புத்தகத்தின் கடைசிப் பெயரை 1911 கணக்கெடுப்பில் அதே டவுன்லேண்டில் பொருத்திப் பாருங்கள். அந்தக் குடும்பத்தின் வழியினர் இன்றும் அங்கே இருந்தால் அவர்களுக்கு எழுதும் முதல் கடிதத்தில் கொடிவழிப் படம் முழுவதையும் திணிக்காமல், நில எண், கடல் கடந்தவரின் பெயர், அவர் கிளம்பிய ஆண்டு, அமெரிக்காவில் அவர் உழுத நிலத்தின் இடம் ஆகிய நான்கை மட்டும் எழுதி, வரைபடத்தின் அந்தப் பகுதியை இணைத்து அனுப்புங்கள்.